திருச்சி – பலாலி: ஒரு குறுகிய வான்வழியின் நெடிய வரலாறு

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கும் இடையே உள்ள வான்தூரம் சுமார் 184 கிலோமீட்டர். விமானிகளின் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 99 கடல் மைல். திருச்சியிலிருந்து சென்னை விமான நிலையம் 290 கிலோமீட்டருக்கும் மேல். பலாலியிலிருந்து கொழும்பை ஒட்டிய ரத்மலானை ஏறத்தாழ 330 கிலோமீட்டர். தத்தம் தலைநகரங்களுக்கு இருப்பதைவிட இந்த இரு ஊர்களும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்கின்றன. அப்படியிருந்தும் 1970களின் இறுதியிலிருந்து 2025 மார்ச் வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, இவற்றுக்கிடையே நேரடிப் பயணிகள் விமானம் ஒன்றுகூடப் பறக்கவில்லை.

நிலப்படத்தில் இரு நிலையங்களையும் ஒரு கோட்டால் இணைத்துப் பார்த்தால், அது திருச்சியிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து செல்கிறது. கந்தர்வகோட்டை வட்டாரத்தைக் கடந்து, பட்டுக்கோட்டைக்குச் சற்றுத் தெற்கே ஓடி, மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடையே கடற்கரையை விட்டு நீங்குகிறது. அதற்கப்பால் பாக்கு நீரிணை. கடல் முடியும் இடத்தில் காங்கேசன்துறை. அதை அடுத்துப் பலாலியின் செம்மண் நிலம். மொத்த வழியில் ஏறத்தாழப் பாதி நிலம், பாதி நீர். பூமியின் வளைவைக் கணக்கில் கொண்ட மிகக் குறுகிய வழியைத்தான் வான்தூரம் என்று அட்டவணைகள் தருகின்றன. இவ்வளவு சிறிய தொலைவில் வளைவால் வரும் வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதல்ல. சாதாரணப் படத்தில் அடிக்கோல் வைத்து அளந்தாலே போதும்.

விமானம் வருவதற்கு முன்பு இதே தூரத்தைக் கடக்க இருவகை வழிகள் இருந்தன. முதலாவது பாய்மரத் தோணி. வல்வெட்டித்துறை, பருத்தித்துறைக் கரைகளிலிருந்து கோடிக்கரை, நாகப்பட்டினம் பக்கம் தோணிகள் போய்வந்தன. காற்று வாய்த்தால் ஓர் இரவில் கரை சேரலாம். வாய்க்காவிட்டால் காத்துக்கிடக்க வேண்டியதுதான். இரண்டாவது, ரயிலும் கப்பலும் சேர்ந்த வழி. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் ரயில் தனுஷ்கோடி வரை ஓடியது. அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல். 'போட் மெயில்' என்று இன்றும் நினைவுகூரப்படும் ஏற்பாடு இது. சென்னையிலிருந்து கொழும்பு செல்வோருக்கு மிக வசதியான வழியாக இருந்தாலும், யாழ்ப்பாணத்தாருக்கு அது சுற்றுவழியே. தலைமன்னார் ரயில்பாதை மதவாச்சியில்தான் வடபகுதிப் பாதையோடு சேர்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வடமேற்கே இருக்கும் திருச்சிக்குப் போக வேண்டியவர் முதலில் தெற்கே மதவாச்சி வரை இறங்கி, வண்டி மாறி, மன்னார்த் தீவின் முனைக்கு ஏறி, கப்பலில் கடலைக் கடந்து, பிறகு இராமேஸ்வரம் தீவிலிருந்து மீண்டும் வடக்கே திரும்ப வேண்டும். நேர்க்கோட்டில் 184 கிலோமீட்டருக்கு ஓர் இரவும் ஒரு பகலும் போயின.

வான்போக்குவரத்தில் திருச்சி முந்திக்கொண்டது. 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுசென்றவர் நெவில் வின்சென்ட். மூன்றாண்டு கழித்து, 1935 நவம்பர் 27 அன்று, ரத்மலானையில் புதிதாக அமைந்த நிலையத்தில் முதல் விமானம் இறங்கியது. சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டிண்டேல் பிஸ்கோ ஓட்டிவந்த புஸ் மாத் வகைச் சிறு விமானம் அது. இலங்கையின் முதல் விமான நிலையத்தைத் தொட்ட முதல் சக்கரம் சென்னையிலிருந்து போனது. 1938இல் பிரித்தானியப் பேரரசின் வான்தபால் திட்டத்தின் கீழ் டாடாவின் தபால் வழி சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. அந்நாளைய சிறு விமானங்கள் நெடுந்தூரத்தை ஒரே மூச்சில் கடக்கக்கூடியவை அல்ல. எரிபொருள் நிரப்பவும் தபால் மூட்டை மாற்றவும் இடையில் ஒரு தங்கிடம் தேவைப்பட்டது. சென்னைக்கும் கொழும்புக்கும் நடுவே, கடலைத் தாண்டுமுன் கடைசியாக இறங்கிப் புறப்பட ஏற்ற சமவெளியாகத் திருச்சி அமைந்தது.

பலாலியில் ஓடுபாதை போட்டது போர். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் விழுந்து, 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியபின், இலங்கை முழுவதும் ராணுவ விமானத் தளங்கள் அவசரமாக அமைக்கப்பட்டன. பிரித்தானிய விமானப்படை காங்கேசன்துறைக்கு அருகே தேர்ந்த இடம் சுண்ணாம்புப் பாறைமேல் படிந்த செம்மண் மேட்டு நிலம். மேடுபள்ளம் இல்லை, நீர் தேங்குவதில்லை. புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் மிகச் சிறந்த மண்ணும் அதுவே. விமானத்துக்கு உகந்த நிலமும் வேளாண்மைக்கு உகந்த நிலமும் ஒன்றாகவே இருந்ததால் பின்னாளில் அந்த வட்டாரத்து மக்கள் கொடுத்த விலை பெரிது.

போர் முடிந்ததும் தளம் பயணிகளுக்குத் திறந்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் சேவை ரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்குப் போனது. இலங்கை விடுதலை பெறவே இன்னும் இரு மாதங்கள் இருந்தன. புதிய நாட்டின் விமான நிறுவனம் தன் முதல் நாளிலேயே யாழ்ப்பாணத்தை வழித்தங்கலாகக் கொண்டது என்பது கவனிக்கத் தக்கது. நாளடைவில் சென்னையைப் போலவே திருச்சிக்கும் பலாலியிலிருந்து விமானம் போய்வந்தது.

நிறுவனத்திடம் இருந்தவை போரில் பயன்பட்டுப் பின் பயணிகளுக்காக மாற்றப்பட்ட டகோட்டாக்கள். அவற்றுக்குச் சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்ராதேவி என்று பெயர் வைத்திருந்தார்கள். இருபத்தைந்து பேர் அளவில் அமரலாம். தரையில் நிற்கும்போது மூக்கு மேலே, வால் கீழே. ஏறியவர் தம் இருக்கைக்குச் சரிவில் நடந்தே போக வேண்டும். உள்ளே காற்றழுத்தத்தைச் சமன்செய்யும் வசதி கிடையாது. அதனால் மேகங்களுக்கு மேலே ஏறிவிடாமல் தாழ்வாகவே பறக்கும். வெயில் நாளில் குலுங்கும். ஆனால் சன்னல் பக்கம் இருந்தவருக்குத் தஞ்சை வயல்வெளியும் கடற்கரையும் கடலில் விரிந்த பாய்களும் துல்லியமாகத் தெரியும் உயரம் அது. மணிக்கு 270 கிலோமீட்டர் அளவில் ஓடும் டகோட்டாவுக்குப் பலாலி – திருச்சி தூரம் முக்கால் மணிக்கும் குறைவான பறப்பு. 1949 டிசம்பரில் ஏர் சிலோன் டகோட்டா ஒன்று திருச்சியில் தரையிறங்கும்போது சரிசெய்ய முடியாதபடி சேதமானது, உயிர்ச்சேதம் இல்லை. அந்த விபத்தோடு வழி நின்றுவிடவில்லை.

யாழ்ப்பாணத்து வசதியுள்ள குடும்பங்களுக்குத் திருச்சி பக்கத்து ஊர் போலாயிற்று. கல்யாணச் சேலை எடுப்பவர்கள், ஸ்ரீரங்கமும் திருவானைக்காவும் தொழ வருபவர்கள், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வருபவர்கள், வைத்தியத்துக்கு வருபவர்கள் என்று பலரும் வந்துபோனார்கள். புதுப்படம் பார்க்கவே திருச்சிக்குப் பறந்துபோய் வந்தவர்கள் உண்டு என்று யாழ்ப்பாணத்து முதியவர்கள் சொல்லும் பேச்சு அந்தக் காலத்தின் நெருக்கத்தைக் காட்டுகிறது. எல்லாரும் அப்படிப் போனதாக எண்ணிவிடக் கூடாது. விமானச் சீட்டு வாங்கக்கூடியவர்கள் சிலரே. பெரும்பாலோருக்கு மதவாச்சி ரயிலும் தலைமன்னார்க் கப்பலும்தான். தவிர, இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் கடலை எல்லையாக மாற்றியிருந்தது. அதற்குமுன் இருபுறமும் தடையின்றி நடந்த போக்குவரத்துக்கு இனிக் கடவுச்சீட்டும் விசாவும் வேண்டியிருந்தன. முக்கால் மணிப் பயணத்துக்கு முன்னும் பின்னும் சுங்கச் சோதனைக்கும் முத்திரைக்குமான நேரம் சேர்ந்துகொண்டது.

1964 இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டில் ஏர் சிலோன் அவ்ரோ 748 வகை விமானத்தை வாங்கியது. டர்போ என்ஜின் பூட்டிய, காற்றழுத்தம் சமன்செய்த விமானம். வேகம் மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல். அதே ஆண்டு டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியை அழித்தது. ரயில், துறைமுகம், ஊர் மூன்றும் போயின. கப்பல் பிற்பாடு இராமேஸ்வரத்திலிருந்து ஓடினாலும் பழைய போட் மெயிலின் ஒழுங்கு திரும்பவில்லை. நிலவழியும் கடல்வழியும் நலிந்த அந்த வேளையில் பலாலி வான்வழியின் மதிப்பு கூடியது.

அது நிலைக்கவில்லை. 1978 செப்டம்பர் 7 அன்று, பலாலியிலிருந்து ரத்மலானை வந்து பயணிகள் இறங்கியிருந்த ஏர் சிலோன் அவ்ரோ விமானம் ஒன்று குண்டு வெடித்துத் தீக்கிரையானது. இலங்கையின் புதிய அரசமைப்பு நடைமுறைக்கு வந்த நாள் அது. ஏற்கெனவே கடனில் தத்தளித்த ஏர் சிலோன் அடுத்த ஆண்டே மூடப்பட்டது. அதன் இடத்தில் 1979இல் தோன்றிய ஏர் லங்கா கட்டுநாயக்காவிலிருந்து வெளிநாடுகளுக்குப் பறந்தது. பலாலியை அது தன் வழிகளில் சேர்க்கவில்லை. ஆக, திருச்சி வழி நின்றதற்குப் போர் மட்டுமே காரணம் என்று சொல்வது முழுச் செய்தி ஆகாது. போர் மூளுமுன்பே ஒரு நிறுவனத்தின் வீழ்ச்சியும் எல்லாவற்றையும் கொழும்பில் குவித்த நிர்வாகப் போக்கும் அந்த வழியை வலுவிழக்கச் செய்துவிட்டன. 1983க்குப் பின் வந்த போர் அதைத் திறக்க முடியாததாக்கியது.

பலாலி முழு ராணுவத் தளமாயிற்று. 1987இல் இந்திய அமைதிப்படை வந்திறங்கிய இடமும் அதுவே. 1990இல் சண்டை மீண்டும் வெடித்தபோது பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை, வசாவிளான், கட்டுவன் என்று வலிகாமம் வடக்கின் ஊர்கள் வெறுமையாயின. ஓடுபாதையைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் விரிந்தது. தோட்டங்களும் வீடுகளும் பள்ளிக்கூடங்களும் கோயில்களும் முள்வேலிக்குள் போயின. அங்கிருந்தவர்களில் பலர் நலன்புரி முகாம்களில் முதுமையடைந்தார்கள். தமிழகத்துக்குத் தோணியில் வந்தவர்களில் ஒரு பகுதியினர் திருச்சி விமான நிலையத்தை அடுத்த கொட்டப்பட்டு முகாமில் குடியமர்த்தப்பட்டார்கள். ஒரு விமான நிலையத்தின் பக்கத்திலிருந்து துரத்தப்பட்டவர்களுக்கு இன்னொரு விமான நிலையத்தின் பக்கத்தில் இடம் கிடைத்தது; இரண்டுக்கும் நடுவே விமானம்தான் இல்லை.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து பொதுமக்கள் பறந்தது கொழும்புக்கு மட்டுமே, அதுவும் விட்டுவிட்டு. 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய இரு நாட்களில் பலாலி அருகே விமானப்படையின் அவ்ரோ விமானங்கள் இரண்டு சுட்டு வீழ்த்தப்பட்டன. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து ரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் ஏர் விமானம் மன்னார்க் கரைக்கு அப்பால் கடலில் விழுந்தது. அதிலிருந்த 55 பேரும் இறந்தார்கள். பெரும்பாலோர் யாழ்ப்பாணத்துத் தமிழர். சிதைவுகள் கடலடியில் கண்டறியப்பட்டது 2012இல்தான். கொழும்புக்கான தரைவழியும் அடைபட்டிருந்த அந்த ஆண்டுகளில், உறவினரைப் பார்க்கவோ விசா எடுக்கவோ விமானம் ஏறியவர்கள் அந்த ஆபத்தை அறிந்தே ஏறினார்கள்.

திருச்சிக்கு வர வேண்டிய யாழ்ப்பாணத்தவருக்கு அப்போது இருந்த வழி கொழும்பு சுற்றுவழி. பலாலியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு நேர்க்கோட்டில் 290 கிலோமீட்டர். கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிக்கு ஏறத்தாழ 417. இரண்டும் சேர்ந்து 700ஐத் தாண்டும், அதாவது நேர்வழியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு விமானம் கிடைக்காதபோது முதல் பகுதியைச் சாலையிலோ கப்பலிலோ கடக்க வேண்டும். ஏ-9 சாலை 2002இல் திறந்து 2006 ஆகஸ்டில் மூடியது. யாழ்தேவி ரயில் 1990இல் நின்று 2014 அக்டோபரில்தான் யாழ்ப்பாணத்தைத் திரும்ப அடைந்தது. அனுமதிச் சீட்டு, சோதனைச் சாவடி, கொழும்பில் விடுதித் தங்கல் எல்லாவற்றையும் கூட்டினால் பயணம் நாள்கணக்கில் நீண்டது.

இடையில் கடிகாரமும் குழப்பியது. மின்சாரத்தைச் சேமிக்க இலங்கை 1996 மே மாதம் தன் நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில்தான் இந்திய நேரத்தோடு மீண்டும் ஒன்றானது. இடைப்பட்ட ஆண்டுகளில் திருச்சி – கொழும்பு அட்டவணையைப் படித்தவருக்குப் போகும்போது பறப்பு அரை மணி நீண்டும், வரும்போது அரை மணி குறுகியும் தோன்றும். புறப்பாடு, வருகை இரண்டும் அந்தந்த ஊர் நேரத்தில் அச்சாவதால் வரும் தோற்றம் இது. பழைய அட்டவணைகளை வைத்துப் பறப்பு நேரத்தைக் கணிப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

போர் 2009இல் முடிந்தும் பலாலியில் வெளிநாட்டு விமானம் இறங்கப் பத்தாண்டு ஆயிற்று. ஓடுபாதை செப்பனிடப்பட்டு, 2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. அன்று சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் வந்திறங்கியது. நவம்பர் 11 முதல் வாரம் மும்முறை சென்னைச் சேவை நடந்தது. நான்கு மாதமே ஓடியது. 2020 மார்ச்சில் கொரோனா எல்லாவற்றையும் நிறுத்தியது. 2022 டிசம்பர் 12இல் சென்னை விமானம் திரும்பியது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் தொடங்கியது. 2024 செப்டம்பர் முதல் நாள் இண்டிகோவும் சென்னை – யாழ்ப்பாணம் வழிக்கு வந்தது. திருச்சியின் முறை 2025 மார்ச் 30: அன்றுமுதல் இண்டிகோவின் ஏ.டி.ஆர். 72 விமானம் திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே பறக்கத் தொடங்கியது. அதற்குமுன் ஆண்டுதான் திருச்சியில் புதிய முனையம் பயன்பாட்டுக்கு வந்திருந்தது.

அட்டவணையில் இந்தப் பயணத்துக்கு ஒதுக்கப்பட்டிருப்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஏ.டி.ஆர். 72 மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் ஓடக்கூடியது. வெறும் வகுத்தல் கணக்கில் 184 கிலோமீட்டருக்கு 22 நிமிடம் போதும். மீதி நேரம் போகும் இடங்களைப் பார்த்தால் குறுந்தூரப் பறப்பின் இயல்பு விளங்கும். அட்டவணை நேரம் விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரும் கணத்தில் தொடங்கி, மறுமுனையில் நிற்கும் கணத்தில் முடிகிறது. ஓடுபாதை வரை தரையில் ஊர்வது, அனுமதிக்குக் காத்திருப்பது, இறங்கியபின் திரும்பி வருவது எல்லாம் அதில் அடங்கும். மேலேறும்போதும் இறங்கும்போதும் விமானம் தன் முழு வேகத்தில் ஓடாது. நூறு கடல் மைல் பயணத்தில் ஏற்றமும் இறக்கமுமே பெரும்பகுதி. சமமட்டத்தில் பறப்பது சில நிமிடங்கள்தான். கடலின் நடுவே சென்னை வான்கட்டுப்பாட்டு எல்லையிலிருந்து கொழும்பு எல்லைக்கு விமானம் கைமாறுகிறது. இரு பக்கத்துக் கட்டுப்பாட்டாளர்களோடும் விமானி பேசியாக வேண்டும்.

காற்றின் பங்கு இதைவிடச் சுவையானது. திருச்சியின் ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. பலாலியினுடையது வடகிழக்கு தென்மேற்காக. விமானம் எதிர்காற்றிலேயே எழவும் இறங்கவும் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், தென்கிழக்கே போக வேண்டிய விமானம் திருச்சியில் மேற்கு நோக்கி எழும்பி, வளைந்து திரும்பியே தன் வழியைப் பிடிக்கிறது. பலாலியிலும் இதே கதைதான். வடமேற்கிலிருந்து வருவது நேரே இறங்க முடியாமல், கரையைத் தாண்டிக் கடல்மேல் வடகிழக்கே போய், வளைந்து, தென்மேற்கு முகமாகத் தரை தொடுகிறது. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று வந்ததும் இரண்டு முனையிலும் திசை மாறும். அதே விமானம், அதே தூரம், ஆனாலும் ஆடியிலும் மார்கழியிலும் பயண நிமிடங்கள் ஒன்றாக இரா. போர்க்காலத்துப் பொறியாளர்கள் பலாலி ஓடுபாதையை இரு பருவக்காற்றுகளின் திசையிலேயே கிடத்தியது நல்ல தேர்வு. எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அது மாறவில்லை.

இப்போது பயன்படும் பாதை நீளம் ஏ.டி.ஆர். போன்ற விசிறி விமானங்களுக்குப் போதும். பெரிய ஜெட் விமானங்களுக்குப் போதாது. எழுபதுக்கும் சற்று மேற்பட்டோரை ஏற்றும் விமானம் என்பதால் இடமும் சரக்கும் குறைவு. கல்யாணக் காலத்திலும் நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் சீட்டு கிடைப்பது கடினமாகிறது. பாதையை நீட்ட வேண்டுமானால் நிலம் வேண்டும். சுற்றியுள்ள நிலமோ 1990இல் வெளியேற்றப்பட்டவர்களுடையது. அதில் ஒரு பகுதி கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டிருக்கிறது. எஞ்சியதைக் கேட்டு உரிமையாளர்கள் இன்னும் போராடுகிறார்கள். விமான நிலையம் வளர வேண்டும் என்பவர்களும் காணி திரும்ப வேண்டும் என்பவர்களும் பல வேளைகளில் ஒரே குடும்பத்தினர். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளை பலாலியிலேயே இறங்க ஆசைப்படுகிறார். ஓடுபாதைக்கு அப்பால் இருக்கும் தம் கிணற்றையும் தோட்டத்தையும் தாய் கேட்கிறார். இரண்டும் நியாயமான கோரிக்கைகள், ஆனால் முதலில் தீர்க்கப்பட வேண்டியது நிலத்தின் கணக்கு. அது தீர்ந்த பிறகே பாதையின் நீளம் பற்றிப் பேசுவது முறை.